நுரையீரல்ல ஊசி போட்டு பயாப்ஸி எடுக்கறதுல என்னென்ன ஆபத்து இருக்கு? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

எங்கப்பாவுக்கு எக்ஸ்ரேல வலது நுரையீரல்ல ஏதோ நிழல் மாதிரி தெரிஞ்சு, அப்புறம் சிடி ஸ்கேன் எடுத்ததுல ரெண்டு செ.மீ.க்கு கொஞ்சம் மேல ஒரு கட்டி இருக்குன்னு சொல்லி, "ஊசி போட்டு கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்"னு டாக்டர் சொன்னாரு. கையெழுத்து போட குடுத்த ஃபார்ம்ல நுரையீரல் சுருங்கலாம், ரத்தம் வரலாம், அபூர்வமா உயிருக்கே ஆபத்து வரலாம்னு வரிசையா எழுதியிருந்துச்சு. அத படிச்சுட்டு அம்மா பேனாவ கீழ வச்சுட்டாங்க. அப்பாவுக்கு அதுல ஒரு சிக்கல் வரவும் செஞ்சுது, சரியாவும் போச்சு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு யாருக்கு இந்த டெஸ்ட் எழுதினாலும் என்கிட்ட கேக்கறாங்க, அதனால டாக்டர்கள்கிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டதையும் படிச்சதையும் சேர்த்து எழுதி வைக்கறேன். நான் டாக்டர் இல்ல. உங்க உடம்ப பாத்த டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு கணக்கு.

முதல்ல இத எப்படி பண்றாங்க?

சிடி மெஷின்ல படுக்க வச்சு, கட்டி எங்க இருக்குன்னு பாத்து, நெஞ்சுலயோ முதுகுலயோ பக்கவாட்டுலயோ எந்த வழியா போனா தூரம் கம்மின்னு முடிவு பண்ணி அந்த இடத்த மட்டும் மரத்துப்போக ஊசி போடுவாங்க. அப்புறம் பயாப்ஸி ஊசிய கொஞ்சம் உள்ள விடறது, ஸ்கேன் பாக்கறது, இன்னும் கொஞ்சம் விடறது, மறுபடி பாக்கறதுன்னு போகும். மெல்லிய ஊசில செல்ல மட்டும் உறிஞ்சி எடுக்கறது ஒரு வகை, கொஞ்சம் தடிச்ச ஊசில நூல் மாதிரி சின்ன சதை துண்டு எடுக்கறது இன்னொரு வகை, அதுக்கு கோர் பயாப்ஸின்னு பேரு. நிறைய இடத்துல வெளிய ஒரு குழாய் ஊசிய நிறுத்தி வச்சு அதுக்குள்ளயே இன்னொரு ஊசிய விட்டு நாலஞ்சு துண்டு எடுப்பாங்க, ஏன்னா நுரையீரல சுத்தி இருக்கற மெல்லிய உறைய (தோல் மாதிரி இருக்கறது) ஒரே ஒரு தடவ குத்தினா போதும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், கட்டி நெஞ்சு சுவர ஒட்டி இருந்தா சில பேர் அல்ட்ராசவுண்ட் வச்சே எடுத்துடுவாங்க.

ரொம்ப அடிக்கடி வர்ற சிக்கல் எது?

நிமோதோராக்ஸ். அதாவது நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சு வெளிய நிக்கறது. சைக்கிள் டயருக்குள்ள ட்யூப் இருக்குல்ல, ட்யூப்ல ஒரு பொடி ஓட்ட விழுந்தா காத்து ட்யூபுக்கும் டயருக்கும் நடுவுல வந்து ட்யூப் தொளதொளன்னு ஆயிடுற மாதிரி, ஊசி போன ஓட்ட வழியா காத்து நுரையீரலுக்கும் நெஞ்சு சுவருக்கும் நடுவுல சேர்ந்து நுரையீரல கொஞ்சம் உள்ள தள்ளிடும்.

இது எத்தன பேருக்கு வரும்னா, பல ஆய்வுகள ஒண்ணா சேர்த்து பாத்ததுல கோர் பயாப்ஸி எடுத்தவங்கள்ல 100க்கு சுமார் 25 பேருக்கும், மெல்லிய ஊசி போட்டவங்கள்ல சுமார் 19 பேருக்கும் வந்திருக்கு. கேட்டதும் பகீர்னு இருக்கும், எனக்கும் அப்படிதான் இருந்துச்சு. ஆனா இதுல பெரும்பாலானது ஸ்கேன்லயும் எக்ஸ்ரேலயும் மட்டும் தெரியற சின்ன கசிவு, பேஷன்ட்டுக்கு ஒண்ணுமே தெரியாது, தானா அடங்கிடும். அந்த காத்த வெளிய எடுக்க நெஞ்சுல குழாய் போட வேண்டிய அளவுக்கு போறது 100க்கு சுமார் 5, 6 பேருக்குதான். "நாலுல ஒருத்தருக்கு நுரையீரல் சுருங்கிடுமாம்"னு யாராவது சொன்னா அதுக்கு பின்னாடி இருக்கற இந்த ரெண்டாவது கணக்கையும் சேர்த்து கேளுங்க, முதல் நம்பர மட்டும் கேட்டுட்டு பயாப்ஸியே வேணாம்னு போனவங்கள எனக்கு தெரியும், மனசு கஷ்டமா இருக்கு.

யாருக்கு காத்து கசியற சான்ஸ் ஜாஸ்தி?

எம்ஃபிசீமா இருக்கறவங்களுக்கு, அதாவது பல வருஷம் சிகரெட் பிடிச்சோ வேற காரணத்தாலயோ நுரையீரல்ல காத்துப்பை எல்லாம் கிழிஞ்சு பெருசா ஆனவங்களுக்கு. அந்த மாதிரி நுரையீரல்ல ஓட்ட சீக்கிரம் அடையாது, அதோட ஏற்கனவே மூச்சு கம்மியா இருக்கறதால சின்ன கசிவு கூட தாங்க முடியாம போகும். அடுத்து கட்டி ரொம்ப சின்னதா இருந்தா, ரொம்ப உள்ள தள்ளி இருந்தா, நுரையீரலோட ரெண்டு மடலுக்கு (பாகத்துக்கு) நடுவுல இருக்கற பிளவ தாண்டி ஊசி போக வேண்டியிருந்தா, உறைய பல தடவ குத்த வேண்டியிருந்தா. கீழ் மடல்ல இருக்கற கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலயும் கீழயும் நகரும், அதனால குறி பிடிக்கறதே கஷ்டம். எங்கப்பா 30 வருஷம் சிகரெட் பிடிச்சவரு, கட்டியும் கொஞ்சம் ஆழத்துல. "உங்களுக்கு கசியறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதுக்கு ரெடியா இருந்துதான் பண்றோம்"னு ரேடியாலஜிஸ்ட் முன்னாடியே சொல்லிட்டாரு. அப்படி சொன்னதுதான் எங்களுக்கு தைரியம் குடுத்துச்சுன்னு சொல்லணும்.

கசிஞ்சிடுச்சுன்னா என்ன பண்ணுவாங்க?

சின்னதா இருந்து மூச்சும் நல்லா இருந்தா, ஆக்சிஜன் வச்சு படுக்க வச்சு பாத்துகிட்டே இருப்பாங்க. ஆக்சிஜன் குடுத்தா வெளிய நிக்கற காத்து சீக்கிரம் உறிஞ்சப்படும். மறுபடி எக்ஸ்ரே எடுத்து பெருசாகலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பெருசாகிகிட்டே போனாலோ மூச்சு முட்டினாலோ அந்த காத்த ஊசியால உறிஞ்சி எடுப்பாங்க, இல்லன்னா பிக்டெயில்னு ஒரு மெல்லிய குழாய விலா எலும்புக்கு நடுவுல போட்டு, தண்ணி இருக்கற பாட்டில்லயோ ஒரு பக்கம் மட்டும் திறக்கற வால்வுலயோ மாட்டி விடுவாங்க, காத்து வெளிய போகும், திரும்ப உள்ள வராது.

அப்பாவுக்கு இந்த பிக்டெயில்தான் போட்டாங்க. பயாப்ஸி முடிஞ்சு ஒரு மணி நேரத்துல எடுத்த எக்ஸ்ரேல லேசா இருந்துச்சு, மூணாவது மணி நேர எக்ஸ்ரேல நல்லா பெருசா தெரிஞ்சுது, அவரும் "ஒரு பக்கம் இழுத்து பிடிக்குது"ன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. மரத்துப்போக ஊசி போட்டுதான் குழாய் வச்சாங்க. ரெண்டு ராத்திரி, பாட்டில்ல குமிழி வர்றத நானும் அம்மாவும் மாத்தி மாத்தி பாத்துகிட்டே உக்காந்திருந்தோம், மூணாம் நாள் காலைல குமிழி நின்னுடுச்சு, எக்ஸ்ரே எடுத்துட்டு குழாய எடுத்துட்டாங்க.

ரத்தம் வருமா?

வரலாம். ஊசி போன வழியில நுரையீரலுக்குள்ளயே கொஞ்சம் ரத்தம் கசியறது கோர் பயாப்ஸில 100க்கு 18 பேர் வரைக்கும் ஸ்கேன்ல தெரியுது, அதுல முக்கால்வாசி பேருக்கு வெளிய ஒரு அறிகுறியும் இருக்காது. எச்சில்ல, சளில ரத்தம் வர்றது சுமார் 4 பேருக்கு. கோடு கோடா ரெண்டு மூணு தடவ வந்து, பழுப்பு கலருக்கு மாறி, ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னுடும். அங்கயே படுத்திருக்கும்போது ரத்தம் இருமினா ஊசி போட்ட பக்கம் கீழ இருக்கற மாதிரி திருப்பி படுக்க வைப்பாங்க, ஏன்னா அந்த ரத்தம் நல்லா இருக்கற நுரையீரலுக்குள்ள ஓடிடக்கூடாது. நிறைய ரத்தம் போய், அத நிறுத்த டாக்டர்கள் ரத்தக்குழாய அடைக்கறதோ ஆபரேஷன் பண்றதோ ரொம்ப ரொம்ப அபூர்வம்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன், நிறுத்தணுமா?

இத பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒரு சிலர் மாத்திரைய பத்தி வாயே திறக்க மாட்டாங்க, பயாப்ஸி அன்னிக்கு காலைல கூட க்ளோபிடோக்ரெல் போட்டுட்டு வந்து நிப்பாங்க, தேதி தள்ளிப்போகும். இன்னும் சிலர் யாரையும் கேக்காம பத்து நாள் முன்னாடியே தானா நிறுத்திடுவாங்க, இது அதவிட மோசம், இதயத்துல ஸ்டென்ட் வச்சு கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா ஸ்டென்ட் அடைச்சுக்கலாம், பக்கவாதம் வந்தவங்களுக்கு மறுபடி வரலாம்.

பொதுவா க்ளோபிடோக்ரெல்லும் வார்ஃபரினும் அஞ்சு நாள் முன்னாடி நிறுத்த சொல்வாங்க, வார்ஃபரின்னா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்து அது ஒன்றரை பக்கம் இறங்கியிருக்கான்னு பாப்பாங்க. அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாதிரி மாத்திரை ரெண்டு மூணு நாள், கிட்னி சரியில்லன்னா இன்னும் கொஞ்சம் முன்னாடி. ஆஸ்பிரின் இடத்துக்கு இடம் மாறுது, நிறுத்தவும் சொல்வாங்க, தொடரவும் சொல்வாங்க. பிளேட்லெட் 50,000க்கு மேல இருக்கணும்னு பாப்பாங்க. மூட்டுவலிக்கு கடைல வாங்கி போடற ஐபூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையும் ரத்தம் உறையறத குறைக்கும், அதையும் சொல்லிடுங்க. மாத்திரை எழுதிக்குடுத்த இதய டாக்டரும் பயாப்ஸி பண்ற டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். என்னிக்கு நிறுத்தணும்ங்கறத எல்லாரும் கேக்கறாங்க, மறுபடி என்னிக்கு ஆரம்பிக்கணும்ங்கறத கேக்க மறந்துடறாங்க, அத தேதி போட்டு எழுதி வாங்கிக்கங்க.

ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே?

எல்லாருக்கும் இருக்கற பயம் இது. எங்க வீட்லயும் ஒரு பெரியவர் "கத்தி பட்டா பொங்கிடும்"னு சொல்லி அம்மாவ இன்னும் கலக்கிட்டாரு. ஊசி போன வழியில கேன்சர் செல் ஒட்டி வளர்றதுங்கறது உண்மைல இருக்கற ஒண்ணுதான், ஆனா அது பத்தாயிரம் பேருக்கு ஒருத்தர்ல இருந்து ஆறு பேருக்குள்ளன்னு கணக்கு. உறைய ஒட்டி இருக்கற கட்டிக்கு இது கொஞ்சம் கூடலாமான்னு டாக்டர்கள் விவாதிக்கறாங்க, அதனாலதான் நேரா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்ங்கற நிலைமைல இருக்கற சில பேருக்கு ஊசியே போடாம ஆபரேஷனுக்கு போயிடுவாங்க. மத்தபடி, என்ன நோய்னே தெரியாம மாசக்கணக்குல இருக்கறப்ப கேன்சரா இருந்தா அது தானாவே பரவும், அந்த ஆபத்துதான் பெருசு. பயாப்ஸிக்கு அப்புறம் நிலைமை மோசமாச்சுன்னு சொல்ற நிறைய கதைல நோய் முன்னாடியே முத்திப்போய் இருந்திருக்கும்.

உயிருக்கே ஆபத்துன்னு போட்டிருக்கே, அது எதனால?

பிரிட்டன்ல 5,444 நுரையீரல் பயாப்ஸிகள கணக்கெடுத்து 2002ல வெளியிட்டாங்க, அதுல இறப்பு 0.15 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 700 பேர்ல ஒருத்தர். வேற கணக்குகள்ல இதவிட கம்மியாவும் வந்திருக்கு. காரணம் பெரும்பாலும் பெரிய ரத்தக்கசிவு, கவனிக்காம விட்டு நெஞ்ச அழுத்தற அளவுக்கு சேர்ந்த காத்து, இல்லன்னா காத்து ரத்தத்துல கலக்கறது.

இந்த கடைசி விஷயம் ஆயிரத்துல ஒருத்தருக்கும் கம்மிதான், ஆனா என்னன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. ஊசி நுனி நுரையீரல்ல இருக்கற ஒரு சிரைக்குள்ள இருக்கும்போது ஊசியோட வெளி வாய் திறந்திருந்து, அந்த நேரம் பாத்து பேஷன்ட் இழுத்து மூச்சு விட்டாலோ இருமினாலோ காத்துக்குமிழி ரத்தத்துல ஏறி மூளைக்கோ இதயத்துக்கோ போயிடலாம். உடனே மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் வராம போறது, நெஞ்சுவலின்னு காட்டும். அங்கயே படுக்க வச்சபடி 100 சதவீத ஆக்சிஜன் குடுப்பாங்க, முடிஞ்சா அழுத்தம் ஏத்தின ஆக்சிஜன் அறைக்கு கொண்டு போவாங்க. அதனாலதான் "இருமாதீங்க, பேசாதீங்க, ஆழமா மூச்சு விடாதீங்க"ன்னு அவ்வளவு கண்டிப்பா சொல்றாங்க.

வலிக்குமா?

மரத்துப்போக போடற ஊசி சுள்ளுன்னு இருக்கும். நுரையீரலுக்குள்ள வலி தெரியாது, உறைய தாண்டும்போது மட்டும் சுருக்குன்னு ஒரு வலி வரும். சிலருக்கு தோள்பட்டைல வலிக்கும், பயந்து எழுந்துக்காதீங்க, வாய்ல மெதுவா சொன்னா போதும்.

இன்ஃபெக்ஷன் ஆகுமா?

ரொம்ப அபூர்வம், ஆன்டிபயாடிக் கூட பொதுவா குடுக்க மாட்டாங்க.

யாருக்கு பண்ண மாட்டாங்க?

சொன்ன பேச்சு கேட்டு அசையாம படுக்க முடியாதவங்க, இருமல அடக்கவே முடியாதவங்க, ஒரே ஒரு நுரையீரல் மட்டும் வேலை செய்யறவங்க, நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கறவங்க, ரத்தம் உறையறதுல கோளாற சரிபண்ண முடியாதவங்க, வென்டிலேட்டர்ல இருக்கறவங்க. இவங்களுக்கெல்லாம் கட்டாயம் கூடாதுன்னு இல்ல, நல்லா யோசிச்சுதான் பண்ணுவாங்க. ஆனா அந்த "கட்டி" உண்மைல ரத்தக்குழாய் முடிச்சோன்னு சந்தேகம் இருந்தா ஊசி வைக்கவே மாட்டாங்க. நாடாப்புழு வகைல வர்ற நீர்க்கட்டியா இருக்கலாம்னு தோணினாலும் தள்ளியே நிப்பாங்க, உள்ள இருக்கற தண்ணி கசிஞ்சா கடுமையான அலர்ஜி ஷாக் வரலாம்.

அன்னிக்கு நாம என்ன பண்ணா ரிஸ்க் குறையும்?

மூச்சு, அதுதான் உங்க கைல இருக்கற ஒரே விஷயம். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மூச்சு எடுத்து நிறுத்த சொல்வாங்க, ஒரு தடவ நிறைய, ஒரு தடவ கம்மின்னு எடுத்தா கட்டி வேற இடத்துக்கு போயிடும், ஊசிய மறுபடி திருப்ப வேண்டி வரும். அப்பா நாலு நாள் முன்னாடியே கட்டில்ல குப்புற படுத்து கால் மணி நேரம் அசையாம இருந்து பழகினாரு, அம்மா பக்கத்துல கடிகாரம் வச்சு சொல்லிகிட்டு இருந்தாங்க. சளி, இருமல் இருந்தா மறைக்காதீங்க, தேதிய தள்ளி வைக்கறதுல ஒரு நஷ்டமும் இல்ல. முடிஞ்சதும் பல இடத்துல ஊசி போட்ட பக்கம் அடில வர்ற மாதிரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் படுக்க வைப்பாங்க, ஓட்ட அழுந்தி அடையட்டும்னு. அப்ப தானா எழுந்து உக்காராதீங்க, ஃபோன்ல பேசாதீங்க, பாக்க வந்தவங்களும் பேச்சு குடுக்காம இருந்தா நல்லது.

வீட்டுக்கு வந்தப்புறம் எத கவனிக்கணும்?

கசிவு பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துலயே தெரிஞ்சிடும், ஆனா அபூர்வமா ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சும் வரும். முதல் ராத்திரி தனியா இருக்க வேணாம். திடீர்னு மூச்சு வாங்கறது, மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தற வலி, தோள்பட்ட வலி கூடிகிட்டே போறது, உதடு நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கறது, நெஞ்சு படபடப்பு, கோடு கோடா இல்லாம ஒரு ஸ்பூனுக்கு மேல சுத்த ரத்தம் இருமறது, காய்ச்சல், மயக்கம், இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போயி "நுரையீரல்ல பயாப்ஸி எடுத்திருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. ஒரு வாரத்துக்கு வெயிட் தூக்கறது, முக்கி முக்கி வேல செய்யறது வேணாம்.

பிளேன்ல போகலாமா?

காத்து கசிஞ்சிருந்தா கூடாது. மேல போகப்போக வெளி அழுத்தம் குறையும், நெஞ்சுக்குள்ள மாட்டின காத்து விரியும். முழுசா சரியாயிடுச்சுன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சு அதுக்கு மேல ஏழு நாள் ஆகட்டும்னு பிரிட்டிஷ் நுரையீரல் டாக்டர்கள் சங்கம் சொல்லுது. கசிவே இல்லாதவங்களும் கேட்டுட்டு போங்க.

ரிப்போர்ட்ல கேன்சர் இல்லன்னு வந்துட்டா நிம்மதியா இருக்கலாமா?

இந்த கேள்விக்காகதான் இத்தனையும் எழுத உக்காந்தேன். காத்து கசியறது, ரத்தம் வர்றது எல்லாம் கண்ணுக்கு தெரியற சிக்கல், பாத்துடுவாங்க, சரி பண்ணிடுவாங்க. கண்ணுக்கு தெரியாத சிக்கல் என்னன்னா ஊசி கட்டியோட சரியான இடத்துல படாம போறது. கட்டி நடுவுல செத்துப்போன சதை இருக்கும், சுத்தி வெறும் வீக்கம் இருக்கும், அங்க இருந்து எடுத்தா கேன்சர் இருந்தும் ரிப்போர்ட்ல வராது. கேன்சர் இருக்கறவங்கள்ல 10 பேர்ல 9 பேருக்கு பக்கம் ஊசி பயாப்ஸி கண்டுபிடிச்சிடும், அந்த மீதி ஒருத்தர் நாமளா இருக்கலாம்.

அப்பாவுக்கு முதல் தடவ காத்து கசிய ஆரம்பிச்சதால ரெண்டே துண்டோட நிறுத்திட்டாங்க. ரிப்போர்ட்ல "வீக்கம், செத்த சதை, கேன்சர் செல் காணல"ன்னு இருந்துச்சு. அம்மா அழுதுட்டாங்க சந்தோஷத்துல. டாக்டர் மட்டும் சிரிக்கல. "காணலன்னுதான் எழுதியிருக்கு, இல்லன்னு எழுதல. ஸ்கேன்ல இருக்கற உருவத்துக்கு இந்த ரிப்போர்ட் பொருந்தல"ன்னு சொல்லி மறுபடி எடுக்கணும்னாரு. ஒரு மாசம் நாங்க இழுத்தடிச்சோம், குழாய் போட்ட ஞாபகம் அப்படி. ரெண்டாவது தடவ கட்டியோட ஓரத்துல இருந்து எடுத்தாங்க, கசிவும் இல்ல, அடினோகார்சினோமான்னு (ஒரு வகை நுரையீரல் கேன்சர்) வந்துச்சு, அதே துண்டுல இருந்துதான் இஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல மாற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சு அதுக்கான மாத்திரைய ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு மாசத்த நெனச்சா இன்னிக்கும் நெஞ்சு அடைக்குது.

டிபின்னோ, ஒரு குறிப்பிட்ட பூஞ்சைன்னோ, இன்ன வகை சாதா கட்டின்னோ தெளிவா பேர் சொல்லி வந்தா அது பதில். வெறும் "வீக்கம்", "போதுமான சதை இல்ல", "கேன்சர் செல் காணல"ன்னு மட்டும் வந்தா அது பதில் இல்ல, அடுத்து என்னன்னு கேக்கணும், மறுபடி பயாப்ஸியா, மூணு மாசம் கழிச்சு ஸ்கேனான்னு. டிபி சந்தேகம் இருந்தா எடுத்த சதைல ஒரு பகுதிய கல்ச்சருக்கும் (கிருமிய வளர்த்து பாக்கற டெஸ்ட்) அனுப்ப முன்னாடியே சொல்லி வைக்கணும், எல்லாத்தையும் சதை கெடாம இருக்க போடற ஃபார்மலின்ல போட்டுட்டா அப்புறம் கல்ச்சர் பண்ண முடியாது.

ஊசி இல்லாம வேற வழி இல்லையா?

கட்டி மூச்சுக்குழாய் பக்கத்துல இருந்தா வாய் வழியா ட்யூப் விட்டு பிராங்கோஸ்கோப்பில எடுக்கலாம், நடு நெஞ்சுல நெறிகட்டி இருந்தா அல்ட்ராசவுண்ட் பொருத்தின பிராங்கோஸ்கோப்புல அதுல இருந்தே எடுத்துடுவாங்க, நுரையீரல குத்தவே வேணாம். இப்ப கம்ப்யூட்டர் வழிகாட்டற பிராங்கோஸ்கோப்பியும் வந்திருக்கு. 10ல இருந்து 30 மி.மீ. வரைக்கும் இருக்கற கட்டிகள்ல அதையும் ஊசியையும் ஒப்பிட்டு 2025ல வந்த ஆய்வுல, சரியா கண்டுபிடிக்கறதுல அது ஊசிக்கு குறைஞ்சு போகல, காத்து கசியறது மட்டும் ஊசில 28 சதவீதம், இதுல 3 சதவீதம் பக்கம். ஆனா எல்லா இடத்துலயும் அந்த வசதி இல்ல, நெஞ்சு சுவர ஒட்டி இருக்கற கட்டிக்கு ஊசிதான் சுலபம். ரொம்ப சின்ன புள்ளியா இருந்தா கொஞ்ச மாசம் விட்டு ஸ்கேன் எடுத்து வளருதான்னு பாக்கறதும் ஒரு வழிதான்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட என்ன கேக்கட்டும்?

பேஷன்ட்டோட ஸ்கேன்ல ஊசி எவ்வளவு தூரம் போகணும், நடுவுல எம்ஃபிசீமா இருக்கான்னு கேளுங்க, பொது கணக்கவிட அதுதான் உங்களுக்கு உதவும். காத்து கசிஞ்சா இங்கயே குழாய் போட ஆள் இருக்காங்களா, ராத்திரியும் இருப்பாங்களான்னு கேளுங்க. எந்தெந்த டெஸ்ட்டுக்கு சதை அனுப்பறீங்க, ஜீன் டெஸ்ட்டுக்கு போதுமா எடுப்பீங்களான்னு கேளுங்க. ராத்திரி ஏதாவது ஆனா கூப்பிட வேண்டிய நம்பர பேப்பர்ல எழுதி வாங்கி, பேஷன்ட்டோட சட்டப்பைல இல்ல, கூட இருக்கறவங்க கைல வச்சுக்கங்க.